ஓய்வெடுத்தால் கூடும் முதுகுவலி: முதுகெலும்பு அழற்சி வாதம், கண்டறிவது முதல் சிகிச்சை வரை

முதுகுவலி என்று மருத்துவரிடம் போனால் பேச்சு பெரும்பாலும் "எங்கே வலிக்கிறது?" என்பதில்தான் தொடங்கும். நாமும் கையைப் பின்னால் கொண்டுபோய் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவோம். பாரம் தூக்காதீர்கள், நிமிர்ந்து உட்காருங்கள் என்ற அறிவுரையோடு ஒரு வாரத்துக்கு மாத்திரையும் கிடைக்கும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். சுளுக்கும் தசைப்பிடிப்பும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும்.

ஆனால் இளம் வயதில் மெல்லத் தொடங்கி, மாதக்கணக்கில் விடாமல் ஒட்டிக்கொள்ளும் ஒரு வகை முதுகுவலி உண்டு. அதைப் பிடிக்க வேண்டுமானால் கேள்வியை மாற்ற வேண்டும்: எப்போது வலிக்கிறது?

பாரம் தூக்கியதால் வந்த வலி வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். இது நேர்மாறு. நள்ளிரவு தாண்டி, மூன்று நான்கு மணிவாக்கில் வலி எழுப்பிவிடும். எழுந்து வீட்டுக்குள்ளேயே நாலு நடை நடந்தால் கொஞ்சம் தேவலாம் போலிருக்கும். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதே ஒரு வேலை: ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி, காலைத் தரையில் வைத்து, கொஞ்ச நேரம் குனிந்தபடியே நிற்க வேண்டியிருக்கும். பல் துலக்கக் குனிய முடியாது. அரை மணி நேரத்துக்கு மேல் இந்த இறுக்கம் இருக்கும். வெந்நீரில் குளித்து நடமாட ஆரம்பித்தால் மெல்ல விடும். பத்து மணிக்கு ஆளைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. "காலையில் எழ முடியவில்லை என்றாயே, இப்போது ஓடுகிறாயே" என்று வீட்டில் உள்ளவர்களே சந்தேகப்படுவார்கள். அப்புறம் இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே இறுக்கம்.

இதை அழற்சி, அதாவது திசுக்கள் வீங்கிப் புண்படுவது, சார்ந்த முதுகுவலி என்கிறார்கள். பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பு, அதிலும் இருபதுகளில் தொடங்கும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, மேலே சொன்ன மாதிரி நடந்துகொண்டால் முதுகெலும்பு அழற்சி வாதம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மருத்துவச் சீட்டில் ஆக்சியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ் என்று எழுதியிருக்கும். அதிலேயே எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும் அளவுக்கு வளர்ந்த நிலைக்கு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர். வயதானால் கழுத்திலும் இடுப்பிலும் வருகிற எலும்புத் தேய்மானம் இதற்குச் சம்பந்தமில்லாத வேறு சமாசாரம். அதற்கான வைத்தியம் இதற்கு உதவாது.

உள்ளே என்ன நடக்கிறது?

நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பு மண்டலம், தசைநார்களும் இணைப்பு நார்களும் எலும்போடு ஒட்டும் இடங்களைத் தாக்குகிறது. முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் சாக்ரோஇலியாக் மூட்டு. முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இடம் அது; இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அங்கே புண்பட்டால் வலி பிட்டத்தில் தெரியும். இந்த வாரம் வலப்பக்கம், அடுத்த வாரம் இடப்பக்கம் என்று மாறி மாறி வருவதுண்டு. காலுக்கு இறங்கும் நரம்பு வலி என்று நினைத்து டிஸ்க் விலகலுக்கு வைத்தியம் பார்ப்பது இங்கேதான் நடக்கிறது.

அழற்சி ஆறும்போது உடம்பு அந்த இடத்தில் புது எலும்பை வளர்க்கிறது. வருடங்கள் போகப் போக, ஒரு முள்ளெலும்பையும் அடுத்ததையும் இணைத்து எலும்புப் பாலங்கள் உருவாகலாம். முதுகு வளையாமல் போவது இதனால்தான். எல்லோருக்கும் இந்த நிலை வருவதில்லை. பலருக்கு நோய் அந்தச் சாக்ரோஇலியாக் மூட்டுகளோடு நின்றுவிடுகிறது. யாருக்கு வேகமாக வளரும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம்: புகை பிடிப்பவர்கள், ரத்தத்தில் அழற்சி அளவு தொடர்ந்து உயர்ந்திருப்பவர்கள், முதல் எக்ஸ்ரேயிலேயே எலும்பு மாற்றம் உள்ளவர்கள், ஆண்கள்.

ஏன் வருகிறது என்றால், பெரும்பங்கு மரபணு. தவறாக உட்கார்ந்ததாலோ, மெத்தை சரியில்லாததாலோ வருவதல்ல. தொற்றாது. இதைச் சொல்லக் காரணம், நோய் உறுதியான பிறகு தன்னையே குற்றம் சொல்லிக்கொள்பவர்கள் நிறைய.

கண்டுபிடிக்க ஏன் இத்தனை வருடம்?

முதல் அறிகுறிக்கும் நோயின் பெயர் தெரிய வருவதற்கும் இடையே சராசரியாக ஆறேழு வருடங்கள் ஆகின்றன என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பெண்களுக்கு இன்னும் கூடுதல். இது ஆண்களின் நோய் என்று பாடப்புத்தகங்களே நெடுங்காலம் சொல்லிவந்தன. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியாத ஆரம்ப நிலையையும் சேர்த்துப் பார்த்தால் ஆண், பெண் விகிதம் ஏறக்குறைய சமம் என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு காரணம், துப்புகள் உடம்பெங்கும் சிதறிக் கிடப்பது. குதிகால் வலிக்கு எலும்பு மருத்துவரைப் பார்த்திருப்பார்கள். ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் பட்டாலே கூசியபோது கண் மருத்துவர் சொட்டுமருந்து கொடுத்துச் சரிசெய்திருப்பார். தலையிலும் முழங்கையிலும் செதில் செதிலாக உதிரும் சோரியாசிஸுக்குத் தோல் மருத்துவர். நாள்பட்ட வயிற்றுப்போக்குக்கும் ரத்தம் கலந்த மலத்துக்கும் குடல் மருத்துவர். ஒரு விரல் முழுதும் உருண்டு வீங்கியதை எங்கோ இடித்துக்கொண்டது என்று விட்டிருப்பார்கள். ஐந்தும் ஒரே நோயின் ஐந்து முகங்களாக இருக்கலாம். கண்ணின் உள்ளே வரும் அந்த யூவியைட்டிஸ் அழற்சி மட்டுமே இந்த நோயாளிகளில் நாலில் ஒருவருக்கு எப்போதாவது வருகிறது. முதுகுவலிக்காகப் போகும்போது கண்ணைப் பற்றி யார் சொல்வார்கள்?

ஆகவே வாதநோய் மருத்துவரிடம், அதாவது ருமட்டாலஜிஸ்ட்டிடம், போவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போவது நல்லது. வலி எந்த வயதில் தொடங்கியது, காலை இறுக்கம் எத்தனை நிமிடம், இரவில் எழுப்புகிறதா, நடந்தால் குறைகிறதா, மேலே சொன்ன கண், தோல், குடல், குதிகால் தொல்லை எப்போதாவது வந்ததா, ரத்த உறவில் யாருக்காவது இவற்றில் ஏதேனும் உண்டா. வலி மாத்திரை போட்டால் எவ்வளவு குணம் தெரிகிறது என்பதையும் எழுதுங்கள். அழற்சியைக் குறைக்கும் மாத்திரையை முழு அளவில் போட்ட ஓரிரு நாளில் வலி நன்றாக இறங்கினால் அதுவும் ஒரு துப்பு. எந்த ஸ்கேனை விடவும் இந்த ஒரு பக்கம்தான் மருத்துவருக்கு அதிகம் உதவும் என்பது என் அபிப்பிராயம்.

மருத்துவர் அறையில் நடக்கும் பரிசோதனை எளிமையானதுதான். நேராக நிற்கச் சொல்லி, இடுப்புக்குச் சற்றுக் கீழே இரண்டு பக்கமும் குழி விழும் மட்டத்தில் முதுகின் நடுவே பேனாவால் ஒரு கோடு. அதற்கு 10 செ.மீ. மேலே இன்னொரு கோடு. முழங்கால் மடங்காமல் முடிந்த மட்டும் குனியச் சொல்வார். நன்றாக வளையும் முதுகில் இரண்டு கோடுகளும் விலகி இடைவெளி 15 செ.மீ. அளவுக்கு வரும். இறுகிய முதுகில் 12, 13-லேயே நின்றுவிடும். சுவரில் குதிகாலையும் முதுகையும் ஒட்டி நிற்கவைத்துப் பின்னந்தலை சுவரைத் தொடுகிறதா என்று பார்ப்பார். மூச்சை இழுத்தால் மார்பு எவ்வளவு விரிகிறது என்று நாடாவால் அளப்பார். இந்த எண்களை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் ஒப்பிட உதவும்.

சோதனைகளும் அவற்றின் எல்லையும்

சரி, ரத்தத்தில் தெரியாதா என்று கேட்கலாம். ஒரே ஒரு சோதனையில் "உண்டு" அல்லது "இல்லை" என்று சொல்லிவிட இந்த நோய்க்கு வழியில்லை. சிஆர்பி, ஈஎஸ்ஆர் இரண்டும் உடம்பில் அழற்சி இருந்தால் உயரும் அளவுகள். ஆனால் இந்த நோயாளிகளில் கணிசமானோருக்கு அவை சாதாரணமாகவே இருக்கும். முடக்குவாதத்துக்கு எடுக்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற ரத்தச் சோதனை இதில் பெரும்பாலும் பாசிட்டிவாக வராது. "ரத்தம் எல்லாம் நார்மல், உங்களுக்கு வாதம் இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர் இந்த இடத்தில்தான் வருடங்களை இழந்தார்கள்.

அப்புறம் எச்எல்ஏ-பி27. இந்த மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 1973-இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் தனித்தனியாகக் கண்டறியப்பட்டது. ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளில் 80 முதல் 90 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. பிற மக்களிடம் விகிதம் மாறும். ஆனால் இது உள்ள எல்லோரும் நோயாளிகள் இல்லை. இந்த மரபணுவைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருக்கிறார்கள். இது இல்லாமலே நோய் வருபவர்களும் உண்டு. சோதனைத் தாளில் "பாசிட்டிவ்" என்று பார்த்ததும் வரும் பதற்றம் தேவைக்கு மிஞ்சியது. பிள்ளைகளுக்கு வருமா என்பது அடுத்த கவலை. நெருங்கிய ரத்த உறவில் வாய்ப்பு கூடுதல்தான். ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைக்கு இந்தச் சோதனையை எடுத்து வைப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

படங்களுக்கு வருவோம். 1984-இல் வகுக்கப்பட்ட நியூயார்க் அளவுகோலின்படி சாக்ரோஇலியாக் மூட்டில் எக்ஸ்ரே மாற்றம் தெரிந்தால்தான் இது நோய். அந்த மாற்றம் தெரிய வருடங்கள் ஆகலாம். 2009-இல் வந்த புதிய அளவுகோல் எம்ஆர்ஐயையும் சேர்த்துக்கொண்டது. எக்ஸ்ரே சுவரில் விழுந்த விரிசலைக் காட்டும். எம்ஆர்ஐ சுவருக்குள் ஊறும் ஈரத்தைக் காட்டும். எலும்பு மஜ்ஜைக்குள் அழற்சியால் சேரும் நீர் அதில் பளிச்சென்று தெரியும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. முதுகுவலிக்கென்று வழக்கமாக எடுக்கும் கீழ்முதுகு எம்ஆர்ஐயில் சாக்ரோஇலியாக் மூட்டு சரியாக விழாது. ஸ்கேன் எழுதும்போதே அந்த மூட்டைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். "போன வருடமே எம்ஆர்ஐ எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள்" என்பவர்கள் எந்த இடத்தை எடுத்தார்கள் என்று அறிக்கையின் தலைப்பைப் பார்க்கட்டும். எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும்: சமீபத்தில் பிரசவமான பெண்களுக்கும், நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கும் நோய் இல்லாமலே அந்த மூட்டில் இதே போன்ற நீர்க்கோர்வை தெரியலாம். படத்தை மட்டும் வைத்து நோயைச் சூட்டிவிடக் கூடாது. கடைசியில் கதை, பரிசோதனை, ரத்தம், படம் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து மருத்துவர் எடுக்கும் முடிவுதான் இது.

சிகிச்சை எங்கே தொடங்கும்?

முதல் படி ஸ்டீராய்டு இல்லாத அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள்: நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப், இண்டோமெத்தசின் போன்றவை. வலி மாத்திரைதானே என்று அலட்சியமாக எண்ண வேண்டாம். இந்த நோயில் இவை வலியை மறைப்பதோடு நிற்காமல் அழற்சியையே தணிக்கின்றன. ஆனால் வலிக்கிறபோது ஒன்று, இல்லாதபோது விடுவது என்று போட்டால் இது வேலை செய்ததா இல்லையா என்றே தெரியாது. மருத்துவர் சொன்ன முழு அளவில், சொன்ன நாள்வரை போட வேண்டும். ஒன்று கேட்காவிட்டால் அதே வகையில் இன்னொன்று. மொத்தம் நான்கு வார அளவுக்கு இரண்டு விதமான மாத்திரைகளைப் போட்டுப் பார்த்தபின்தான் "இது போதவில்லை" என்று முடிவு செய்வது வழக்கம். வயிற்றுப்புண், ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயத்தில் ஏதேனும் தொல்லை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயிற்றைக் காக்க ஒரு மாத்திரையைச் சேர்த்துத் தருவதுண்டு. ஒரே நேரத்தில் இரண்டு விதத்தைச் சேர்த்துப் போடுவது ஆபத்து. தலைவலிக்குக் கடையில் வாங்கும் ஐபுப்ரோஃபென்னும் இதே கூட்டம்தான்.

இதோடு முதல் நாளிலிருந்தே உடற்பயிற்சி. மருந்தின் பக்கத்தில் சும்மா எழுதிவைக்கும் அறிவுரை என்று நினைக்காதீர்கள், இது சிகிச்சையில் பாதி. முதுகை நிமிர்த்தும் பயிற்சி, மார்பு விரிய ஆழ்ந்து மூச்சு இழுப்பது, இடுப்பின் முன்பக்கத் தசையை நீட்டுவது, நீச்சல், வேகநடை. தினம் சற்று நேரம் குப்புறப் படுத்திருப்பதும் முதுகு முன்னால் கூனாமல் இருக்க உதவும். ஆரம்பத்தில் இந்த நோயை அறிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கற்றுக்கொண்டால் நல்லது. வலி குறைந்ததும் பலரும் முதலில் நிறுத்துவது பயிற்சியைத்தான். புகைப்பழக்கம் இருந்தால் அதை விடுவது இன்னொரு மருந்துக்குச் சமம்.

வாயால் சாப்பிடும் ஸ்டீராய்டை முதுகெலும்பு நோய்க்கு நீண்ட காலம் கொடுப்பதில்லை. முடக்குவாதத்தில் அருமையாக வேலை செய்யும் மெத்தோட்ரெக்சேட், முதுகெலும்பில் பலன் தருவதில்லை. சல்ஃபாசலசின் முழங்கால், கணுக்கால் வீக்கம் இருந்தால் உதவும். முதுகுக்கு மட்டும் என்றால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. உங்கள் சீட்டில் இவை இருந்தால் எதற்காக என்று கேட்பதில் தவறில்லை.

மாத்திரை பலன் தருகிறதா என்பதை அளக்கவும் ஒரு வழி இருக்கிறது. பாஸ்டாய் என்ற ஆறு கேள்விகள்: சோர்வு, முதுகுவலி, மற்ற மூட்டு வலி, தொட்டால் வலிக்கும் இடங்கள், காலை இறுக்கத்தின் கடுமை, அது நீடிக்கும் நேரம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். கடைசி இரண்டின் சராசரியை ஒரே மதிப்பாக எடுத்துக்கொண்டு மொத்தச் சராசரி பார்க்கிறார்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் நோய் அடங்கவில்லை என்று பொருள். வீட்டிலேயே மாதம் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இந்த எண் பேசும்.

அடுத்த படி: உயிரியல் மருந்துகள்

மாத்திரைக்கு அடங்காதபோது பயலாஜிக்ஸ் எனப்படும் ஊசி மருந்துகள். அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடுபவை இவை. டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுப்பவை அடாலிமுமாப், எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப், கோலிமுமாப், செர்டோலிசுமாப். ஐஎல்-17 என்ற புரதத்தைத் தடுப்பவை செக்குகினுமாப், இக்செகிசுமாப் போன்றவை. டோஃபாசிட்டினிப், உபாடாசிட்டினிப் என்ற மாத்திரைகளும் உண்டு. 65 வயது தாண்டியவர்கள், புகைப்பவர்கள், இதய நோயோ ரத்த உறைவோ வந்தவர்கள் ஆகியோருக்கு இந்த மாத்திரைகளை யோசித்துத்தான் தருவார்கள்.

எதைத் தேர்வது என்பதில் முதுகைவிட மற்ற உறுப்புகளே அதிகம் பேசும். கண் அழற்சி திரும்பத் திரும்ப வந்தாலோ குடல் அழற்சி இருந்தாலோ அடாலிமுமாப் அல்லது இன்ஃப்ளிக்சிமாப் பக்கம் சாய்வார்கள். எட்டனர்செப்ட் அங்கே உதவாது. குடல் அழற்சி உள்ளவருக்கு ஐஎல்-17 தடுப்பான் நிலைமையை மோசமாக்கலாம். சோரியாசிஸ் கடுமையாக இருந்தால் அதே ஐஎல்-17 தடுப்பான் நல்ல தேர்வு. கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். செர்டோலிசுமாப் நஞ்சுக்கொடியைத் தாண்டி மிகக் குறைவாகவே போகிறது.

தொடங்கும் முன் கட்டாயம் பார்க்கப்படுவது காசநோய். பலருடைய உடம்பில் காசநோய்க் கிருமி எந்த அறிகுறியும் இல்லாமல் உறங்கிக் கிடக்கும். அதைச் சுற்றி வளைத்து அடக்கி வைத்திருப்பதில் டிஎன்எஃப்புக்குப் பெரிய பங்கு உண்டு; டிஎன்எஃப்பைத் தடுத்தால் கிருமி விழித்துக்கொள்ளலாம். அதனால் மார்பு எக்ஸ்ரேயும் தோல் அல்லது ரத்தச் சோதனையும் எடுத்து, உறங்கும் கிருமி இருந்தால் அதற்கான மருந்தைச் சில வாரமாவது கொடுத்த பிறகே ஊசி தொடங்குவார்கள். மஞ்சள் காமாலை வைரஸ்களான பி, சி, கூடவே எச்ஐவி சோதனைகளும் நடக்கும். போட வேண்டிய தடுப்பூசிகளையும் முன்கூட்டியே முடித்துவிடுவது உத்தமம். உயிருள்ள கிருமியில் செய்த தடுப்பூசிகளை மருந்து தொடங்கியபின் போட முடியாது.

ஊசியைக் கண்டு பயப்படுபவர்களுக்கு: அடாலிமுமாப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எட்டனர்செப்ட் வாரம் ஒருமுறை, இரண்டுமே தோலுக்கடியில் நாமே போட்டுக்கொள்ளும் பேனா வடிவில் கிடைக்கின்றன. 2 முதல் 8 டிகிரியில், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது. போடுவதற்கு அரை மணி முன்னால் எடுத்து வெளியே வைத்தால் எரிச்சல் குறையும். வெந்நீரில் போட்டுச் சூடாக்கக் கூடாது. வயிறு, தொடை என்று இடத்தை மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. போட்ட இடம் சிவந்து அரிப்பது சில நாளில் போய்விடும். காய்ச்சலோ, ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் தொற்றோ வந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் முதலில் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

சிலருக்கு இரண்டாவது ஊசிக்குள்ளேயே காலை இறுக்கம் விட்டுப்போகும். சிலருக்கு மெதுவாகத்தான் தெரியும். எனவே குறைந்தது 12 வாரம் பார்த்துத்தான் தீர்ப்பு. இரண்டாம் வாரத்தில் "எனக்கு இது வேலை செய்யவில்லை" என்று நிறுத்துவது அவசரம். 12 வாரம் கழிந்தும் மாற்றமில்லை என்றால் வேறு மருந்துக்கு மாறலாம். முதல் மருந்து தோற்றதால் அடுத்ததும் தோற்கும் என்பதில்லை. ஆனால் மாறும் முன் வலி உண்மையிலேயே அழற்சியால்தானா, அல்லது பழைய சேதம், தூக்கமின்மை, தசை பலவீனம் போன்றவற்றாலா என்று மருத்துவர் மறுபடி யோசிக்க வேண்டும். நன்றாக இருக்கிறது என்று திடீரென மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு நோய் திரும்புகிறது. பல மாதம் அடங்கியிருந்தால் ஊசிகளின் இடைவெளியை மெல்லக் கூட்டிப் பார்ப்பதுண்டு. அதை நாமாகச் செய்யக் கூடாது.

காத்திருக்கக் கூடாத மூன்று நிலைகள் உண்டு. கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தள்ளிப்போட்டால் பார்வை கெடலாம். இறுகிய முதுகெலும்பு உள்ளே வலுவிழந்திருக்கும் என்பதால் வழுக்கி விழுந்தது போன்ற சின்ன அடியிலும் முறியும். விழுந்தபின் கழுத்திலோ முதுகிலோ புதிய வலி வந்தால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சிடி ஸ்கேன் வரை கேட்க வேண்டும். முதுகை நெட்டி முறித்துச் சரிசெய்கிறேன் என்பவர்களிடம் போகவே கூடாது. சிறுநீரோ மலமோ கட்டுக்குள் இல்லாமல் போனால், தொடையிடுக்கு மரத்துப்போனால், கால் திடீரென வலுவிழந்தால், நேரம் என்ன என்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே போனதும் முதலில் சொல்ல வேண்டியது உங்களுக்கு இந்த நோய் இருக்கிறது என்பதையும், என்ன ஊசி போடுகிறீர்கள் என்பதையும்தான்.